வாட்டுக்கு வெளியே ஓர் அடுப்பு

2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒரு நாள் காலை, நான்கு வயதைத் தாண்டியிருந்த என் மகனின் கண்ணிமைகள் இரண்டும் வீங்கியிருந்தன. பூச்சி கடித்திருக்கும் என்று மாமியார் மஞ்சள் பற்றுப் போட்டார். மூன்றாம் நாள், அவனுடைய காற்சட்டைப் பட்டி இடுப்பில் ஆழமாகப் பதிந்து தடம் விட்டிருந்ததைக் கண்ட பிறகுதான் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினோம். அங்கிருந்து பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி, பின்னர் அம்புலன்ஸில் கண்டிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சிறுவர் வாட்டு என்று இரண்டு நாட்களுக்குள் மலையிறங்கிவிட்டோம். நோயின் பெயர் நெஃப்ரோட்டிக் சின்ட்ரோம் என்றார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டி புரதத்தை வெளியே விட்டுவிடுவதால் உடம்பில் நீர் கோத்து வீக்கம் வருகிறது என்றும், ஸ்டீரொயிட் மாத்திரைக்குப் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே கட்டுப்படுவார்கள் என்றும், ஆனால் அடங்கிய நோய் மறுபடியும் தலைகாட்டக் கூடும் என்றும் வைத்தியர் பொறுமையாக விளக்கினார். விளக்கியது சிங்களத்தில். நான் பாடசாலை ஆசிரியை; கம்பளையில் படித்த காலத்துச் சிங்களம் அன்று கைகொடுத்தது.

வாட்டில் பிள்ளையோடு தாய் மட்டும் தங்கலாம். மாலையில் பார்வையாளர் நேரம் முடிந்ததும் தகப்பன்மார் வெளியேற வேண்டும். என் கணவர் முதல் நாள் இரவு, தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் தங்கியதாகச் சொன்னார். மறுநாளும் அப்படியே சொன்னார். ஏழாம் நாள் அவருடைய சட்டைக் கொலரில் படிந்திருந்த அழுக்கைப் பார்த்துத் துருவிக் கேட்டபோதுதான், முதலிரண்டு இரவுகளைப் பஸ் நிலைய வாங்கிலும், அடுத்த இரவை வெளிநோயாளர் பிரிவின் தாழ்வாரத்தில் காவலாளி எழுப்பிவிடும்வரையிலும், மிச்ச இரவுகளைக் கோயில் மண்டபத்திலும் கழித்திருந்தார் என்பது தெரிய வந்தது. மாதச் சம்பளம் வாங்கும் எழுதுவினைஞரும் ஆசிரியையுமான எங்களுடைய நிலையே இதுவென்றால், பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவர். பிள்ளைக்கு என் மகனுக்கு இருந்த அதே நோய், ஆனால் மூன்றாம் முறை. அந்த ஆண்டு செப்டெம்பரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தின்படி ஒரு நாள் சம்பளம், எல்லாக் கொடுப்பனவுகளும் சேர்ந்தால், 405 ரூபாய். அதிலும் வருகைக்கான கொடுப்பனவு, வேலை வழங்கப்பட்ட நாட்களில் பெரும்பகுதிக்குப் போனால்தான் கிடைக்கும். பிள்ளையோடு வாட்டில் கிடந்தால் அன்றைய வேலைக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் கொடுப்பனவும் இல்லை. வீட்டில் மேலும் இரண்டு பிள்ளைகள், பார்ப்பதற்குக் கண் மங்கிய மாமியார். கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை. பதினோராம் நாள் அவர் தானே கேட்டுக் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது, "டீச்சர், இங்க மருந்துக்குக் காசில்லதான், ஆனா இங்க இருக்கிறதுக்குக் காசு வேணுமே" என்றார். பன்னிரண்டு நாட்களில், மாத்திரையும் இடையில் நின்று, வயிறு முழுவதும் கிருமித்தொற்றோடு அந்தப் பிள்ளை அதே வாட்டுக்குத் திரும்பி வந்தது. பிழைத்தது, ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது.

நாங்கள் சிலர் சேர்ந்து 2013இல் தொடங்கி இன்றுவரை நடத்திவரும், ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகளின் குடும்பங்கள் தங்கும் மூன்று அறை வீட்டின் வரலாறு அந்தத் தாயின் அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் தொடங்குகிறது. இதே போன்ற முயற்சியை வேறு ஊர்களில் தொடங்க நினைப்பவர்கள் அவ்வப்போது என்னிடம் விசாரிப்பதால், எங்களுடைய தவறுகளையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன்.

வீடு தொடங்குவது பற்றிப் பேசிய நாட்களில், உலகில் இதை முதலில் யார் செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். பிள்ளைகளின் ஆஸ்பத்திரியில் பெற்றோருக்கு இடமே இல்லாதிருந்த காலம் வெகு தூரத்தில் இல்லை. பிரித்தானியாவில் வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே பெற்றோரை உள்ளே விட்ட ஆஸ்பத்திரிகள் பல இருந்தன. பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கவும், சிறு குழந்தைகளோடு தாய்மார் தங்கவும் வழி செய்ய வேண்டும் என்று 1959இல் வெளியான பிளாட் குழுவின் அறிக்கைதான் பரிந்துரைத்தது. ஆனால் வாட்டுக்குள் தாய்க்கு இடம் கொடுப்பது ஒன்று, வாட்டுக்கு வெளியே குடும்பத்துக்கு இடம் கொடுப்பது வேறொன்று. இரண்டாவதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம்.

அங்கே ஃபிரெட் ஹில் என்ற உதைபந்தாட்ட வீரர் இருந்தார். அவர்களுடைய உதைபந்தாட்டம் நாம் ஆடுவதைப் போன்றதன்று, கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. அவருடைய மூன்று வயது மகள் கிம்முக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கதிரைகளில் உறங்கி, இயந்திரத்தில் காசு போட்டு எடுத்த உணவைச் சாப்பிட்ட அவரும் மனைவியும், தங்களைச் சுற்றி அதே கோலத்தில் கிடந்த மற்றப் பெற்றோரையும் கவனித்தார்கள். அவருடைய ஈகிள்ஸ் அணி நிதி திரட்டத் தொடங்கியது. அணியின் பொது முகாமையாளர் ஜிம் மரே, அந்தப் பணத்தோடு சிறுவர் ஆஸ்பத்திரியின் புற்றுநோய் வைத்தியர் ஓட்ரி இவான்ஸைச் சந்தித்தார். இங்கிலாந்தில் 1925இல் பிறந்த இவான்ஸ் அம்மையார், சிறு பிள்ளைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயை நிலை நிலையாகப் பிரித்தறியும் முறையை 1971இல் வகுத்தவர். கருவியும் மருந்தும் கேட்டிருக்கக் கூடிய அவர், தூரத்திலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவரும் குடும்பங்கள் தங்குவதற்கு ஆஸ்பத்திரிக்கு அருகிலேயே ஒரு வீடும் வேண்டும் என்றார். பாடப்புத்தகத்தில் எங்கும் இராத அந்தக் கோரிக்கையை ஒரு வைத்தியரே முன்வைத்தது எனக்குப் பெரிய தைரியத்தைத் தந்தது. குடும்பத்தின் தங்குமிடத்தை இரக்கத்தின் பாற்பட்ட காரியமாக அல்லாமல் வைத்தியத்தின் ஒரு பாகமாகவே அவர் கண்டிருக்கிறார்.

பணம் வந்த வழி வேடிக்கையானது. சென். பட்ரிக் திருநாளை ஒட்டி மெக்டொனால்ட்ஸ் கடைகளில் விற்கும் பச்சை நிறப் பால் பானத்தின் வருமானத்தை அந்தப் பகுதிக் கடைகள் கொடுத்தன. பதிலுக்கு அந்த வீட்டுக்குத் தங்கள் விளம்பரக் கோமாளியின் பெயரை வைக்கச் சொன்னார்கள். 1974ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி முதலாவது ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் திறக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குள் மேலும் பத்து வீடுகள். 1981இல் கனடாவின் டொரொன்டோவில் ஒன்று. நிறுவனத்தைப் பெருவணிகமாக்கிய ரே குரோக் 1984இல் இறந்தபோது அவர் நினைவாக ஓர் அறநிலையம். இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் அதன் பணிகள். இவான்ஸ் 2022இல் தமது 97ஆம் வயதில் காலமானார். நோயாளிப் பிள்ளைகளின் வீட்டுக்குச் சாப்பாட்டுக் கடையின் கோமாளிப் பெயரா என்று எங்கள் குழுவில் ஒருவர் முகம் சுளித்தார். எனக்கும் அது உவப்பாக இல்லை. ஆனால் பெயரை விட்டுக்கொடுத்து வீட்டை வாங்கியவர்களைக் குறைசொல்ல, வீடும் இல்லாத நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.

நம் நாட்டிலும் தேவை சிறியதன்று. கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி 1895 முதல் இயங்குகிறது. நாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். மலையகத்துப் பிள்ளைகளுக்குப் பேராதனையிலும் கண்டியிலும் விசேட வைத்தியம் கிடைக்கிறது. புற்றுநோய் என்றால் பலர் மகரகமவுக்குப் போக நேர்கிறது. இந்திய அரசின் உதவியில் கட்டப்பட்ட டிக்கோயா ஆஸ்பத்திரியின் 150 கட்டில்கள் கொண்ட கட்டடத்தை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் திறந்துவைத்த பிறகு, காய்ச்சலுக்கும் நெஞ்சுச் சளிக்கும் மலையிறங்க வேண்டிய அவசியம் குறைந்தது உண்மைதான். ஆனால் சிறுநீரகம், இருதயம், இரத்தம் என்று வந்துவிட்டால் பாதை இன்னமும் கினிகத்தேனை வழியாக, நாவலப்பிட்டியும் கம்பளையும் கடந்து, கீழ்நோக்கித்தான் போகிறது.

எங்களுக்குக் கோமாளியும் கிடையாது, பால் பானமும் கிடையாது. ஆனால் தோட்டங்களில் தலைமுறைகளாக நடந்துவரும் மரண உதவிச் சங்கம் என்ற ஒன்றை எல்லோரும் அறிந்திருந்தோம். வீட்டுக்கு வீடு மாதந்தோறும் சிறு தொகை சேர்த்து, ஒரு சாவு விழுந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் அந்த வீட்டார் யாரிடமும் கையேந்தாதபடி பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. செத்த பிறகு கொடுப்பதற்குச் சங்கம் வைத்திருக்கிறோம், சாகாமல் பார்ப்பதற்கு ஒன்று வைத்தால் என்ன என்று ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் கேட்டார். மாதம் ஐம்பது ரூபாய்ச் சந்தா என்று தொடங்கினோம். முதல் கூட்டத்தில் பதினேழு பேர். ஓராண்டில் நூற்றுப்பத்துப் பேர் வரை வந்தது. பெருந்தொகை ஒரே கையிலிருந்து வரவில்லை என்பதை அப்போது குறையாக எண்ணினோம். பின்னாளில் ஒரு கொடையாளர் விலகினாலும் வீடு நின்றுவிடாமல் ஓடியதற்கு அதுவே காரணம்.

வீடு தேடியது ஒரு தனிக் கதை. நோயாளிகள் வருவார்கள் என்றதும் மூன்று இடங்களில் கதவு மூடிக்கொண்டது. நான்காவதாக, கணவரை இழந்த சிங்கள அம்மையார் ஒருவர் தமது வீட்டின் பின்பகுதியைத் தந்தார். அவர் கேட்டது இரண்டே நிபந்தனைகள்: இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தம் கூடாது, முற்றத்து மல்லிகைச் செடியில் துணி காயப்போடக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரம் பன்னிரண்டு நிமிடம். இதை ஒரு பாடமாகவே சொல்வேன். வாடகை குறைவென்று நான்கு மைல் தள்ளிப் பெரிய வீடொன்று எடுப்பதைவிட, நடந்துபோகக் கூடிய தூரத்தில் இரண்டு அறை எடுப்பது மேலானது. முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் காசு வாடகையில் மிச்சம்பிடித்ததை ஒரு வாரத்தில் தின்றுவிடும். அதுமட்டுமன்றி, நடு இரவில் வாட்டிலிருந்து அழைப்பு வந்தால் ஓடிப்போக முடியாத வீடு, வீடாக இருந்தும் பயனில்லை.

முதலாம் ஆண்டில் நாங்கள் செய்த பெருந்தவறு, கட்டில்களையே நினைத்துக்கொண்டிருந்தது. இரும்புக் கட்டில், மெத்தை, போர்வை என்று சேர்த்தோம், சமையலறையை மறந்தோம். வீட்டில் இருந்தது ஒரே ஓர் அடுப்பு, அதுவும் தேத்தண்ணி வைக்க மட்டும் என்று எண்ணிக்கொண்டோம். சாப்பாட்டுக்குக் கடைப் பார்சல். இந்த நோயில் வீக்கம் இருக்கும் காலத்தில் உப்பைக் குறைக்க வேண்டும். ஸ்டீரொயிட் மாத்திரையோ பிள்ளைக்கு அடங்காத பசியைக் கொடுக்கும். கிளினிக்குக்காக வந்து தங்கும் பிள்ளை, விடிந்தது முதல் சோறு கேட்டு அழும். தாய் வாங்கிவரும் கடைச் சோற்றிலோ உப்பும் அப்பளமும் கருவாட்டுச் சம்பலும். ஒரு தாய் கறியைக் குழாய்த் தண்ணீரில் அலசி ஊட்டுவதைப் பார்த்த அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. இரண்டு கட்டில்களை விற்று இரட்டை அடுப்பு ஒன்றும், பானைகளும், அம்மி ஒன்றும் வாங்கினோம். உப்புப் போடாத கறிக்குத் தேசிக்காய்ப் புளியும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வாய்க்கு ருசியாக ஆக்கும் வித்தையை, அங்கே வந்து தங்கிய தாய்மாரே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். அடுப்பு வந்த பிறகு வேறொன்றையும் கண்டோம். கட்டிலில் தனித்தனியாகச் சுருண்டு கிடந்தவர்கள் அடுப்படியில் பேசத் தொடங்கினார்கள். எந்த மிஸ்ஸியிடம், அதாவது தாதியிடம், கேட்டால் பதில் கிடைக்கும், புரதம் போகிறதா என்று சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் சூடாக்கிக் கலங்கலைப் பார்ப்பது எப்படி, எந்தக் கிளினிக்குக்கு எத்தனை மணிக்கு இலக்கம் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் கைமாறின.

வாசலில் ஒரு பதிவேடு வைத்திருந்தோம். தொடக்கத்தில் அதில் ஐந்தே கட்டங்கள்: பெயர், தோட்டம், வாட்டு இலக்கம், வந்த திகதி, போன திகதி. உணவுக் கட்டுப்பாடு என்ற ஆறாவது கட்டம் அந்தக் கறி அலசிய தாயால் வந்தது.

ஏழாவது கட்டம் வந்த விதம் இன்னும் கசப்பானது. இரண்டாம் ஆண்டில் ஒரு குடும்பம் நோயாளிப் பிள்ளையின் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்து தங்கியது. மூன்றாம் நாள் அந்த அண்ணனின் நெஞ்சில் கொப்புளங்கள். சின்னம்மை. ஸ்டீரொயிட் எடுக்கும் பிள்ளைக்கும் புற்றுநோய் மருந்து எடுக்கும் பிள்ளைக்கும் சின்னம்மை உயிராபத்தாக முடியலாம் என்பதைப் படித்தறிந்திருந்தும், வாசலில் ஒரு கேள்வி கேட்கத் தவறியிருந்தோம். உடனே வாட்டுக்கு அறிவித்தோம். அப்போது வீட்டில் இருந்த மற்ற இரு பிள்ளைகளுக்கும் வைத்தியர்கள் தடுப்பு மருந்து ஏற்பாடு செய்தார்கள். தொற்று வெளிப்படுவதற்கு மூன்று வாரம் வரை ஆகலாம் என்பதால் இருபத்தொரு நாள் வீட்டைப் பூட்டிவைத்தோம். எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது எங்கள் கெட்டித்தனத்தால் அல்ல. வீட்டில், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்), பாடசாலையில் யாருக்கேனும் கடந்த மூன்று வாரத்தில் அம்மையோ காய்ச்சலோ கண்டதா என்ற கேள்வி அன்று முதல் பெயருக்கும் முன்பாகக் கேட்கப்படுகிறது. அம்மாள் வந்திருக்கிறாள் என்று வெளியே சொல்லத் தயங்குபவர்கள் நம்மில் உண்டு. ஆகவே கேட்கும் விதத்தில் பக்குவம் வேண்டும். "யாரும் வேப்பிலை கட்டியிருக்காங்களா?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள்.

எட்டாவது கட்டம் மொழியால் வந்தது. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு 1987 முதல் சொல்கிறது. வாட்டில் இரவு இரண்டு மணிக்கு அதை யாரிடம் காட்டுவது? ஒரு தாய்க்கு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். சிங்களத்தில் "தவசக் ஹெர தவசக்". தோட்டத்துச் சந்தையில் பழகிய சிங்களத்தை வைத்து, நாள் என்ற சொல் இரண்டு முறை வந்ததை மட்டும் பிடித்துக்கொண்ட அவர், நாள் தவறாமல் கொடுத்துவந்தார். மிஸ்ஸி சொன்னது சரி, தாய் கேட்டதும் ஒரு வகையில் சரி. இடையில் ஓர் ஆள் இல்லாததுதான் பிழை. அன்றிலிருந்து வீட்டில் தங்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சுவர் நாட்காட்டி கொடுக்கிறோம். துண்டு வெட்டி வாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருந்துக் குறிப்பை மொழி தெரிந்த ஒருவர் படித்து, மாத்திரை கொடுக்கும் நாட்களுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, தாயையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் பதிவேட்டில் எட்டாவது கட்டம் நிரப்பப்படும். எழுத்துத் தெரியாதவருக்கும் வட்டம் தெரியும். வீட்டுக்கார அம்மையாரே இந்த வேலையில் எங்களுக்குப் பெருந்துணையாகிவிட்டார். மல்லிகைச் செடியைப் பற்றிய நிபந்தனையும் எப்போதோ தளர்ந்துவிட்டது, சின்னஞ்சிறு சட்டைகள் மட்டும் அதில் காயலாம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வாடகை, மின்சாரம், தண்ணீர், எரிவாயு, சுத்தம் செய்பவரின் சம்பளம் ஆகிய ஐந்தும் கையில் ஆறு மாதத்துக்கு இல்லையென்றால் வீட்டைத் திறக்க வேண்டாம். கணக்கை மாதாமாதம் வாசலில் ஒட்டுங்கள், கேட்காதவர்களுக்கும் தெரியட்டும். குடும்பங்களின் கையில் பணமாக எதையும் கொடுப்பதில்லை என்ற விதியை இறுக்கமாகக் கடைப்பிடிக்கிறோம், ஏனெனில் கொடுத்த முதல் மாதத்திலேயே யாருக்குக் கூட, யாருக்குக் குறைவு என்ற சச்சரவு வந்துவிட்டது. அதற்குப் பதிலாக, அரசிடமிருந்து கிடைக்கக் கூடியதைப் பெற்றுக்கொள்ள உதவுகிறோம். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ஜனாதிபதி நிதியம் சத்திரசிகிச்சை போன்ற பெருஞ்செலவுகளுக்கு உதவுகிறது என்பதே பல தோட்டங்களில் தெரியாது. முன்பு அதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர் என்றிருப்பதுதான் எங்கள் மக்களின் நிரந்தரத் தொல்லை. ராமாயி ஓரிடத்தில் ராமாய், இன்னோரிடத்தில் ரமணி. ஆகவே நோய் பெரிதென்று தெரிந்த அன்றே, இரண்டும் ஒரே ஆள்தான் என்று கிராம அலுவலரின் உறுதிக் கடிதத்தை வாங்கிவைக்கச் சொல்கிறோம்.

சாப்பாட்டுத் தானம் பற்றி ஒரு வார்த்தை. அக்கம்பக்கத்துச் சிங்களக் குடும்பங்கள், தாய் தந்தையர் இறந்த நாளில் ஆஸ்பத்திரிக்கும் மடங்களுக்கும் தானம் கொடுக்கும் வழக்கமுள்ளவர்கள். எங்கள் வீட்டைப் பற்றி அறிந்ததும் பார்சல் பார்சலாகச் சோறு வந்தது, மீன் பொரியலும் ஊறுகாயுமாக. அன்போடு கொண்டுவருவதை வேண்டாம் என்பது எப்படி? வீட்டுக்கார அம்மையார்தான் வழி சொன்னார். சமைத்ததாக அல்லாமல் அரிசியாகவும் பருப்பாகவும் முட்டையாகவும் கொண்டுவரலாம், விரும்பினால் எங்கள் அடுப்பிலேயே வந்து சமைக்கலாம் என்று அவரே எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். இப்போது சிலர் வந்து சமைக்கிறார்கள். புகைப்படம் மட்டும் எடுக்க விடுவதில்லை. மொட்டைத் தலையோடும் வீங்கிய முகத்தோடும் ஒரு பிள்ளை யாரோ ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்தில் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டிய அவசியமில்லை. இந்த விதியால் இரண்டு பெரிய கொடைகளை இழந்தோம். அதற்காக நான் வருந்தவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வீட்டில் நான்கு குடும்பங்கள் இருந்தன. ரயிலும் பஸ்ஸும் இல்லை. மூன்று இரவு தங்க வந்தவர்கள் ஏழு வாரம் தங்கினார்கள். 2022இல் எரிவாயு கிடைக்காத மாதங்களில் முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகு எரித்தோம். முச்சக்கர வண்டிக்குப் பெற்றோல் இல்லாத அந்நாட்களில் பன்னிரண்டு நிமிட நடைதூரத்தின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளைச் சரித்துப் பாதைகளை அறுத்தபோது, துண்டு வெட்டிய பிள்ளைகளோடு போக இடமின்றி நின்றவர்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். அவர்களுள் ஒருவருக்குத் திரும்பிப் போக லயம் இருக்கிறதா என்பதே நான்கு நாட்களாகத் தெரியாதிருந்தது.

எல்லாப் பிள்ளைகளும் பிழைப்பதில்லை. இத்தனை ஆண்டுகளில் ஒன்பது முறை அந்தச் செய்தி வீட்டுக்கு வந்திருக்கிறது. முதல் முறை எங்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பிள்ளையின் உடலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வண்டிக்காரர் கேட்ட தொகை, அந்தத் தகப்பனின் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கூடியது. மறுவாரமே சந்தாப் பணத்தில் ஒரு பகுதியை இதற்கென்று தனியாக ஒதுக்கி, நியாயமான வாடகைக்கு வரும் இரண்டு சாரதிகளின் இலக்கங்களைப் பதிவேட்டின் உள்ளட்டையில் எழுதிவைத்தோம். அந்தப் பக்கத்தை வெளியே தெரியும்படி வைப்பதில்லை. மரண உதவிச் சங்கத்தைப் பார்த்துத் தொடங்கிய வீடு, சில நாட்களில் மறுபடியும் மரண உதவிச் சங்கமாகவே ஆகிவிடுகிறது.

தகப்பன்மாருக்கு ஓர் அறையை முதல் நாளிலிருந்தே ஒதுக்கியிருந்தோம். என் கணவரின் பிடிவாதம் அது. தாய் வாட்டில் இருக்க, தகப்பன் குளித்து, உடை மாற்றி, காலையில் கஞ்சியோடு வாசலில் நின்றால் தாயின் முகமே மாறிவிடுகிறது. குடிக்கிறவர்களும் வருவார்கள். குடித்துவிட்டு வந்தால் அன்று இரவு உள்ளே இடமில்லை, மறுநாள் காலை தேத்தண்ணி உண்டு என்பது விதி. பெரும்பாலோர் மறுநாள் தேத்தண்ணிக்கு வந்துவிடுகிறார்கள்.

என் மகனுக்கு இப்போது இருபத்தொரு வயது. நோய் ஐந்து முறை திரும்பி வந்து, பதின்மூன்று வயதுக்குப் பிறகு வரவில்லை. பதிவேட்டைக் கணினியில் ஏற்றித் தருவதாகச் சொல்லிக்கொண்டேயிருக்கிறான். ஒன்பதாவது கட்டத்தைச் சேர்க்கச் சொன்னவன் அவன்தான். வாட்டில் கிடந்த நாட்களைப் பற்றி அவனுக்கு அதிகம் ஞாபகமில்லை. ஆனால் அவனுடைய அக்காவுக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. அப்போது ஏழு வயதான அவளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு இருபத்தாறு நாள் நாங்கள் அவளிடம் பேசவே இல்லை என்பதை அவள் எங்களுக்கு ஒருபோதும் சொன்னதில்லை, தம்பிக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள். "வீட்டில் விட்டு வந்த பிள்ளைகள், பார்ப்பவர், தொலைபேசி" என்பது அந்தக் கட்டம்.

சென்ற வாரம் பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய்க்கு அதை நிரப்பினேன். இரண்டு பிள்ளைகள், பார்ப்பவர் பாட்டி, தொலைபேசி இல்லை, லயத்தின் அடுத்த காம்பரா வீட்டில் உண்டு. மாலை ஆறரைக்கு அந்த இலக்கத்தை அழைத்துக் கொடுத்தேன். மறுமுனையில் ஒரு சின்னப் பெண், மூச்சு வாங்க, "அம்மா, நம்ம ஆடு குட்டி போட்டிருச்சு" என்றாள். எத்தனை என்று தாய் கேட்டார். இரண்டு, ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளை. பால் குடிக்கிறதா, மழைக்கு உள்ளே கட்டினீர்களா, பாட்டிக்கு இருமல் எப்படி என்று அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார். பேசி முடித்ததும் அடுப்படிக்குப் போய், மூடிவைத்திருந்த தட்டைத் திறந்து, மத்தியானம் தொடாமல் விட்டிருந்த சோற்றைச் சாப்பிடத் தொடங்கினார்.